முதல் பின்னலுக்கு நூல் எடுப்பது எப்படி?

நூல் கடைக்குள் நுழைந்ததும் கை தானாக நிறத்தின் பக்கம் போகும். மயில்கழுத்து நிறத்தில் ஒன்று, மாந்தளிர் நிறத்தில் ஒன்று என்று வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் இதில் என்ன பின்னலாம் என்று யோசிப்போம். புதிதாக ஊசி பிடிப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதைத்தான். என்ன பின்னப் போகிறீர்கள், யார் போட்டுக்கொள்வார்கள், யார் துவைப்பார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ற நூல் அடுத்து. நிறம் கடைசியில்.

இதை நான் கற்றுக்கொண்டது அம்மாவுக்குப் பின்னிய ஸ்வெட்டரில். கொடைக்கானலில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று, தொட்டால் மெத்தென்று இருந்த பருத்தி நூலில் இரண்டு மாதம் உட்கார்ந்து பின்னினேன். முடித்த அன்று அளவு கச்சிதமாக இருந்தது. ஒரு தடவை துவைத்துக் கொடியில் போட்டதும், ஈரத்தின் கனத்தில் இழுபட்டு, இடுப்பளவில் நின்றது தொடை வரை இறங்கிவிட்டது. கைகள் விரல் நுனியைத் தாண்டிவிட்டன. அம்மா ஒன்றும் சொல்லாமல் கையை மடித்துவிட்டுக்கொண்டு போட்டார். மலைக் குளிரையும் அது தாங்கவில்லை. பருத்தி நல்ல நூல்தான். அதனால் முடியாத வேலையை அதன் தலையில் கட்டியது என் தவறு.

கடைக்குப் போகும் முன்

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். பொருள் என்ன, அது எந்த ஊரில் பயன்படும், எப்படித் துவைக்கப்படும்.

சென்னையில் பிறந்த குழந்தைக்குக் குல்லா என்றால் பருத்தி. ஊட்டியில் இருக்கும் பாட்டிக்கு மஃப்ளர் என்றால் கம்பளி. டொராண்டோவில் இருக்கும் பேத்திக்கு ஸ்வெட்டர் என்றால் அங்கேயும் கம்பளிதான் என்று தோன்றும். ஆனால் அங்கே துணிகள் வாஷிங் மெஷினில் துவைத்து டிரையரில் காயவைக்கப்படும். சாதாரணக் கம்பளி அந்த இரண்டிலும் போய் வந்தால் பொம்மைச் சட்டை அளவுக்குச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணிடம் 'இதைக் கையால் அலசி நிழலில் விரித்துக் காயவை' என்று சொல்வது அவளுக்குக் கூடுதல் வேலை கொடுப்பது. பரிசாகப் பின்னும்போது துவைக்கப் போகிறவரை நினைத்துத்தான் நூல் எடுக்க வேண்டும்.

எந்த இழை?

நம் ஊர்க் கடைகளில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் எடுத்துத் தருவதில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை. உருண்டையைச் சுற்றியிருக்கும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், 100% அக்ரிலிக் என்று போட்டிருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, பேச்சுவழக்கில் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் வாங்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அசல் கம்பளி. ஆட்டு ரோமம் இயற்கையாகவே சுருள் சுருளாக இருப்பதால் இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். புதிதாகப் பின்னுபவரின் கண்ணிகள் (ஊசியில் விழும் நூல் வளையங்கள்) ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் விழும். கம்பளி நூல் அந்த ஏற்ற இறக்கத்தைத் தானே சமன் செய்துகொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததுபோல் இருக்காது. மலையில் பனி பெய்தாலும் சூடு போகாதது இதனால்தான். ரோமத்தின் மேல் மீன் செதில்போல நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். மெஷினில் போட்ட கம்பளி சுருங்குவது இப்படித்தான். 'சூப்பர்வாஷ்' என்று லேபிளில் இருந்தால் அந்தச் செதில்களை மழுங்கச் செய்து மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். மெஷினில் துவைக்கலாம். ஆனால் நனைந்ததும் கொஞ்சம் நீளும்.

கம்பளி குத்தும் என்று பலர் ஒதுக்குவார்கள். குத்துவதும் குத்தாததும் இழையின் தடிமனைப் பொறுத்தது. நம் தலைமுடி சுமார் 60, 70 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும். மெரினோ ஆட்டின் ரோமம் 20 மைக்ரானை ஒட்டி இருக்கும். 30-ஐத் தாண்டிய ரோமம்தான் தோலில் முள்ளாக உறுத்தும். அதை உள்ளங்கையில் தொட்டுப் பார்த்தால் தெரியாது, கைத்தோல் காய்த்துப்போனது. நூல் உருண்டையைத் தாடைக்குக் கீழே, கழுத்தில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். அங்கே உறுத்தாத நூல் எங்கும் உறுத்தாது. தமிழ்நாட்டில் ஏது கம்பளி என்று நினைக்க வேண்டாம். நீலகிரி ஆடு என்றே மெல்லிய ரோமம் தரும் ஓர் இனம் நமக்கு உண்டு. எண்ணிக்கை குறைந்துபோன அந்த இனத்தை உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் காத்து வளர்க்கிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய ஆட்டு ஆராய்ச்சி மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். கையில் பிடித்த நூல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பின்னுவதில் ஓர் அக்கறை கூடும்.

பருத்தி வியர்வையை உறிஞ்சும், வெந்நீரைத் தாங்கும், குத்தாது. ஆனால் நீண்டு சுருங்கும் தன்மை அதற்கு இல்லை, கனமும் அதிகம். பாத்திரம் துடைக்கும் துணி, காய்கறிப் பை, கோடைக்காலக் குழந்தைச் சட்டை இவற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது. பெரியவர்களுக்கான முழுக்கை ஸ்வெட்டருக்கும், மடிப்பில் இறுகப் பிடிக்க வேண்டிய சாக்ஸுக்கும் வேண்டாம்.

அக்ரிலிக் மலிவு, லேசு, மெஷினில் துவைக்கலாம், பூச்சி அரிக்காது. கற்றுக்கொள்ளும் காலத்தில் நாலு முறை பின்னி நாலு முறை அவிழ்க்க வேண்டியிருக்கும், அதற்கு அக்ரிலிக் போதும். தயங்காமல் வாங்குங்கள். இரண்டு எச்சரிக்கை மட்டும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை உருகித் தொய்ந்துவிடும், திரும்பவும் எழும்பாது. அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக்கில் ஒருபோதும் பின்னாதீர்கள். அதற்குப் பருத்தி அல்லது கம்பளி.

கலப்பு நூல்களும் உண்டு. சாக்ஸுக்கு 75% கம்பளி, 25% நைலான் என்ற கலவை பல நாடுகளில் வழக்கமானது, குதிகால் சீக்கிரம் தேயாது. அல்பாகா என்ற தென்னமெரிக்க விலங்கின் ரோம நூல் நல்ல சூடு தரும், ஆனால் வடிவம் நிற்காமல் தொங்கும், ஆகவே சால்வைக்குச் சரி. மொகேர் (ஒருவகை வெள்ளாட்டு ரோமம்), அங்கோரா (முயல் ரோமம்) போன்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் கைக்குழந்தைகளுக்குத் தவிர்த்துவிடுங்கள். உதிரும் முடி மூக்குக்கும் வாய்க்கும்தான் போகும்.

லேபிள் இல்லாத பழைய நூல் வீட்டில் கிடக்கிறதா? ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரியும், நெருப்பை எடுத்தால் அணையும், சாம்பலை விரலால் நசுக்கலாம். பருத்தி காகிதம்போல எரியும். அக்ரிலிக் உருகிச் சொட்டிக் கறுத்த கெட்டி மணியாக நிற்கும். அந்த மணி ஆறும் வரை தொடாதீர்கள்.

தடிமன்: எண்களில் ஏமாறாமல் இருக்க

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

திருப்பூர், ஈரோடு பக்கத்துக்காரர்களுக்கு நூல் நம்பர் பழக்கமானது. 40-ஆம் நம்பர் நூல் 20-ஆம் நம்பரைவிட மெலிசு. காரணம், அந்தக் கணக்கில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் (வளையமாகச் சுற்றிய நூல் கட்டுகள்) எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்று எண்ணுகிறார்கள். மெல்லிய நூலுக்கு அதிகச் சிட்டம் வேண்டும், எண்ணும் ஏறும். கைப்பின்னல் நூலில் இது தலைகீழ். இங்கே புரிக் கணக்கு. பிரிட்டன், ஆஸ்திரேலியா வழக்கப்படி 4 பிளை மெலிசு, 8 பிளை நடுத்தரம், 12 பிளை தடிமன். பிளை என்பது நம் 'முப்புரி'யில் வரும் அதே புரிதான். முன்பு உண்மையிலேயே புரிகளை எண்ணிச் சொன்னது, இப்போது தடிமனுக்கான பெயராக மட்டும் நிற்கிறது. 8 பிளை என்று எழுதிய நூலைப் பிரித்தால் நாலு புரிதான் இருக்கலாம்.

அப்புறம் அமெரிக்க லேபிள்களில் நூல்கண்டுப் படத்துக்குள் 0 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். அதில் 4 என்றால் 'வொர்ஸ்டட்' எனப்படும் நல்ல தடிமனான நூல். 4 பிளையோ அதே அளவுகோலில் 1-இல் வரும் மெல்லிய நூல். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கினால் பெரியவர் ஸ்வெட்டர் குழந்தைக்குத்தான் சேரும்.

நான் நம்புவது மீட்டர் கணக்கை. 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். கம்பளியிலும் அக்ரிலிக்கிலும் சுமார் 400 மீட்டர் இருந்தால் மெலிசு, சாக்ஸ் நூல். 200 முதல் 250 என்றால் நடுத்தரம், இதைத்தான் 'டிகே' அல்லது 8 பிளை என்கிறார்கள். 100 மீட்டரை ஒட்டி வந்தால் மிகவும் தடிமன். பருத்தி கனமென்பதால் அதே தடிமனுக்கு மீட்டர் இன்னும் குறைவாகவே வரும். லேபிளே இல்லையென்றால், ஸ்கேலின் மேல் இழுக்காமல், இடைவெளி விடாமல் நூலைச் சுற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். 11 முதல் 15 சுற்று என்றால் டிகே. 9 முதல் 12 என்றால் வொர்ஸ்டட். எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம்.

முதல் பின்னலுக்கு இந்த இரண்டு தடிமனில் ஒன்றை எடுங்கள். மெல்லிய நூலில் வேலை நகரவே நகராது. மிகத் தடிமனான நூலில் ஊசி கனத்துக் கை வலிக்கும்.

ஊசி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் கடைகளில் விற்கும் ஊசிகள் பழைய பிரிட்டிஷ் எண் கொண்டவை. 8-ஆம் நம்பர் என்றால் 4 மி.மீ., 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ., எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கப் பின்னல் குறிப்புகளில் 8 என்றால் 5 மி.மீ., அங்கே எண் ஏற ஏற ஊசி தடிக்கும். இணையத்திலிருந்து எடுத்த குறிப்பு என்றால் மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். டிகே நூலுக்கு 4 மி.மீ., வொர்ஸ்டட் நூலுக்கு 5 மி.மீ. என்று தொடங்கலாம்.

கையில் எடுத்துப் பார்ப்பது

நூலின் முனையைப் பிரித்துப் பாருங்கள். மூன்று நான்கு புரிகள் நன்றாக முறுக்கேறி உருண்டையாக இருந்தால் கண்ணி தெளிவாகத் தெரியும், ஊசி முனை நடுவில் புகுந்து நூலைப் பிளக்காது. முறுக்கே இல்லாத ஒற்றைப் புரி நூல் தொட மிருதுவாக இருக்கும், ஆனால் சீக்கிரம் உரசி உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். கடைக்காரர் அனுமதித்தால் இரண்டு விரலுக்கிடையே இருபது தடவை உரசிப் பாருங்கள். அப்போதே பிசிறினால் அக்குளில் என்ன ஆகும் என்று தெரிந்துவிடும்.

முடிச்சு முடிச்சாக இருக்கும் அலங்கார நூல், ரோமம் மண்டிய நூல், கறுப்பு, கருநீலம் இவற்றை முதல் வேலைக்கு எடுக்காதீர்கள். விட்ட கண்ணி எங்கே என்று கண்ணுக்கே தெரியாது. அதுவும் இரவு விளக்கில் பின்னுகிறவர்கள் அடர்நிறத்தின் பக்கமே போக வேண்டாம்.

சில நூல்கள் உருண்டையாக இல்லாமல் சிட்டமாக முறுக்கி வரும். அப்படியே பின்னத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் சிக்கு விழும். நாற்காலியின் முதுகில் மாட்டியோ, வீட்டில் ஒருவரை இரண்டு கையையும் நீட்டச் சொல்லியோ, முதலில் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வாங்குவது?

டிகே நூலில் குழந்தைக் குல்லாவுக்கு 50 கிராம் போதும். மஃப்ளருக்கு 200 கிராம். நடுத்தர உடம்புக்காரரின் முழுக்கை ஸ்வெட்டருக்கு 1,100 முதல் 1,300 மீட்டர் வரை பிடிக்கும்.

குறிப்பில் சொன்ன நூல் நம் ஊரில் கிடைக்காதபோது மாற்று நூலை மீட்டர் கணக்கில்தான் வாங்க வேண்டும், எடைக் கணக்கில் அல்ல. உதாரணமாக, குறிப்பில் 50 கிராம் உருண்டை 10, ஒவ்வொன்றும் 120 மீட்டர் என்றால் மொத்தம் 1,200 மீட்டர். உங்களுக்குக் கிடைத்தது 220 மீட்டர் வரும் 100 கிராம் உருண்டை. 1,200-ஐ 220-ஆல் வகுத்தால் ஐந்தரை. ஆறு வேண்டும், ஏழாக வாங்குங்கள். மிச்சம் வருவதில் நஷ்டமில்லை.

அந்தக் கூடுதல் உருண்டையை அன்றே வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லேபிளில் நிற எண்ணோடு லாட் எண் என்று இன்னொன்றும் இருக்கும். ஒரே தொட்டியில் ஒரே நாளில் சாயம் ஏறிய நூல்களுக்கு ஒரே லாட் எண். அடுத்த மாதம் அதே நிறம் கேட்டு வாங்கினால் வேறு தொட்டியில் ஏறியது வரும். உருண்டையாக அருகருகே வைத்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். பின்னிய பிறகு முதுகில் கோடு போட்டதுபோல் தனித்துத் தெரியும். எல்லா உருண்டையின் லாட் எண்ணையும் கடையிலேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள், வரிசை காத்திருந்தாலும் பரவாயில்லை. வேறு வழியே இல்லாமல் இரண்டு லாட் கலந்துவிட்டால், இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு கரைந்துபோகும்.

மாதிரித் துண்டு

எல்லாரும் தவிர்க்க நினைக்கும் படி இது. தயவுசெய்து தவிர்க்காதீர்கள். அம்மாவின் ஸ்வெட்டருக்கு ஒரு மாலை இதற்காகச் செலவழித்திருந்தால் இரண்டு மாத உழைப்பு வீணாகியிருக்காது.

மொத்த நூலையும் ஒரே லாட்டில் வாங்கும் முன், சோதிக்க ஒரே ஓர் உருண்டை வாங்கி வாருங்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று குறிப்பு சொன்னால், 32 கண்ணி ஏற்றி, 15 செ.மீ. சதுரமாகப் பின்னுங்கள். முடித்ததும் அளக்காதீர்கள். உடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இதையும் துவைத்து, காயவைத்து, பிறகு ஓரத்தை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணுங்கள். கண்ணி அதிகமாக இருந்தால் ஒரு சுற்றுப் பெரிய ஊசி, குறைவாக இருந்தால் சிறிய ஊசி, மறுபடி ஒரு துண்டு. இரண்டு கண்ணிதானே என்று விட வேண்டாம். 200 கண்ணி ஏற்றிய ஸ்வெட்டர் 22 கணக்கில் 91 செ.மீ. சுற்றளவு வரும், 20 கணக்கில் 100 செ.மீ. ஆகிவிடும்.

அளவு சரியாக வந்தாலும் துண்டைக் கையில் எடுத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். அட்டைபோல் விறைத்து நின்றால் சால்வைக்கு ஆகாது. வலைபோல் தொய்ந்தால் பைக்கு ஆகாது. இந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது, கடையில் நின்று முடிவெடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

அதே துண்டில் சாயத்தையும் சோதித்துவிடலாம். நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சிவப்பும் நீலமும்தான் அதிகம் இறங்கும். இறங்குகிற நூலை வெள்ளையோடு சேர்த்துக் கோடு போடாதீர்கள்.

இனி நிறம்

இப்போது உங்கள் கையில் இழை, தடிமன், மீட்டர் எல்லாம் முடிவாகிவிட்டன. அந்த வட்டத்துக்குள் எந்த நிறம் பிடித்திருக்கிறதோ எடுங்கள். ஜடைபோல் முறுக்கு வேலைப்பாடு செய்வதாக இருந்தால் வெளிர் ஒற்றை நிறம். ஒரே உருண்டையில் நாலைந்து நிறம் மாறி மாறி வரும் நூல் வேலைப்பாட்டை மறைத்துவிடும், ஆகவே சாதாரணப் பின்னலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் ஊதாவாகத் தெரிந்தது வெயிலில் நீலமாக இருப்பதுண்டு.

பின்னி முடித்ததும் லேபிளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் ஒரு முழம் நூலையும் மாதிரித் துண்டையும் இணைத்து வையுங்கள். எந்த ஊசி, எத்தனை மீட்டர் ஆனது என்றும் எழுதுங்கள். முழங்கை கிழிந்தால் தைக்க அந்த நூல் உதவும். பரிசாகக் கொடுக்கும் உடையோடு ஒரு சீட்டில் எந்த இழை, எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். கம்பளி என்றால், பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயவைக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அடுத்த வருடம் மெரினோவில் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரின் சீட்டில் நான் எழுதிக் கொடுத்ததும் இதைத்தான். அந்தச் சீட்டு இன்னும் அவர் பீரோ கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.